கேள்வி ரெஜினாவுடையது, பதில் என்னுடையது

14 ஜூன் 1999, திங்கள்

காலையிலிருந்து தூறல். கெஸ்ட் ஹவுஸ் மாடியில் போட்ட பெட்ஷீட் ஒன்றும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைத்தேன். வாடை லேசாக. மேலே பவுடர் தூவியாயிற்று.

செய்தி: இன்சார்ஜ் ஸ்டான்லி துபாய் போகிறான். விசா வந்தாயிற்று. மச்சினன் பிடித்துக் கொடுத்த விசா என்று அவன். மச்சினனைத் துபாயில் யாருமே பார்த்ததில்லை என்று வாட்ச்மேன். எனக்கென்ன, நான் கேட்டதை எழுதுகிறேன்.

மத்தியானம் மேனேஜர் மஞ்சுநாத் சார் கூப்பிட்டு விட்டார். அவர் தமிழில் பாதி கன்னடம். இங்கே ரூம் பெருக்கி, துணி துவைத்து, பாத்ரூம் கழுவி எத்தனையோ வருஷம். ஒரு வெளிநாட்டு கெஸ்ட்டும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

"நோடம்மா ஜெசிந்தா, இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு உன் பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். பம்பாய் ஆபீஸ்லேர்ந்து மேடம் வருவாங்க. அவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசிக் காட்டு. பேசினா நீ. இல்லன்னா வெளியாள்தான்."

வெளியாள் வந்தால் தன் ஆட்களோடுதான் வருவான். பக்கத்து ரோடு கெஸ்ட் ஹவுஸில் அப்படித்தான். பழைய ஆட்களுக்கு ஒரு ஸ்வீட் டப்பா, ஒரு கும்பிடு. ஆக, நான் ஒன்று மேலே, இல்லையென்றால் வெளியே. நடுவில் வாளியும் இல்லை, துடைப்பமும் இல்லை.

முட்டி வலி. குனியக் கூடாது என்கிறார் டாக்டர். குனியாமல் கழுவுகிற பாத்ரூமை இன்னும் யாரும் கட்டவில்லை, டாக்டர்.

16, புதன்

மழை விட்டுவிட்டு. சாயங்காலம் கிளாஸ்.

ஈஸ்டர் முடிந்ததிலிருந்து கோயில் ஹாலில் இலவச இங்கிலீஷ். லிங்கராஜபுரத்தில் இலவசம் என்றால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. சொல்லித் தருவது டோரதி மிஸ். ரிட்டையர்ட், பூப்போட்ட ஃப்ராக், கையில் ஒரு பித்தளை மணி. தமிழும் பேசுவார், அவர் தமிழில் ஆண், பெண், பூனை எல்லாரும் 'அவன்'. எங்கள் இங்கிலீஷ் அவர் காதில் எப்படி விழுகிறதோ, பாவம்.

முறை இதுதான்: எதிரெதிரே நாற்காலி, ஜோடி ஜோடியாக. ஒருத்தர் கேள்வி, ஒருத்தர் பதில். மணி அடித்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஹால் முழுக்க ஒரே இரைச்சல். சிவாஜிநகர் கறிக்கடை பாய் வாயில் எந்தப் பாடமும் கறியில்தான் முடியும். திஸ் இஸ் எ லெக். தட் இஸ் எ லிவர்.

என் ஜோடி ரெஜினா. என் ஓரகத்தி, இவர் தம்பி பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. (இனி ரெ. முழுப்பேர் எழுதினால் எதற்கு என்னைப் பற்றி எழுதுகிறாய் என்று வந்து கேட்பாள்.) அவளுக்கு வேலையும் இல்லை, இங்கிலீஷ் தேவையும் இல்லை. நான் மட்டும் போவதைப் பொறுக்காமல் கூட வந்தவள்.

ரெ. பிறந்ததே கேட்பதற்கு. எங்கே போனே, ஏன் லேட்டு, புடவை புதுசா, யார் எடுத்துக் கொடுத்தது. இருபது வருஷமாக அவள் கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். அதையே இப்போது இங்கிலீஷில். மணி அடிக்கும். ரெ. தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். திரும்பி வந்து உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, மறுபடியும் அவளே கேட்பாள். மிஸ் கவனிப்பதில்லை. எனக்கும் சௌகரியம். கேட்பவளுக்குத்தான் யோசனை வேண்டும், நமக்குப் பாதி வாக்கியம் கேள்வியிலேயே வந்துவிடுகிறதே.

19, சனி

வெயில்! பெட்ஷீட் காய்ந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பம்பாய் மேடத்தின் டெஸ்ட் வருவதால் ரெ. சட்டம் போட்டிருக்கிறாள்: சமையல் முடிகிற வரைக்கும் அடுப்படியில் இங்கிலீஷ் மட்டும்.

"வாட் ஆர் யூ குக்கிங்?"
"ஐ ஆம் குக்கிங் ரசம்."
"வொய் ஆர் யூ குக்கிங் ரசம்?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. 'பிகாஸ் யூ ஆர் ஈட்டிங் சாம்பார் யெஸ்டர்டே' என்றேன். அவள் ஏதோ திட்ட வாயைத் திறந்தாள், வார்த்தை கிடைக்காமல் மூடிக்கொண்டாள்.

கண்டுபிடிப்பு: மூன்று நாளாக வீட்டில் சண்டை இல்லை. இவரும் கொழுந்தனும் வாசலில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். இந்த மிஸ்ஸை நாம அப்பவே பிடிச்சிருக்கணும்டா என்கிறார் இவர். சண்டைப் பாடம் இன்னும் வரவில்லை, அதுதான் விஷயம். வரட்டும்.

22, செவ்வாய்

மேகமூட்டம். ஸ்டான்லி மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். இப்போதே கூலிங் கிளாஸ். மழையில்.

கிளாஸில் எனக்குப் பேர். மிஸ் எல்லாரையும் நிறுத்தி என்னை எழுப்பி வரிசையாகக் கேட்டார். வாட் இஸ் யுவர் நேம், வேர் டூ யூ லிவ், வாட் டூ யூ டூ. டக் டக்கென்று சொன்னேன். "இவன் பெஸ்ட்," என்றார் மிஸ் என்னைக் காட்டி. கைதட்டல். பாய் விசிலே அடித்தார்.

வரும்போது ரெ. ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

25, வெள்ளி

நாளைக்கு மேடம் வருகிறார். பேர் நிஷா மேடம். இன்றைய வேலைகள்:

– முடிக்கு டை. (காதிலும் பட்டுவிட்டது. சாம்பிராணிப் புகை போட்ட மாதிரி ஒரு காது.)
– மாம்பழக் கலர் சில்க் காட்டன். ஜாக்கெட் இறங்கவில்லை. பக்கத்தில் தையல் பிரித்து விட்டேன். மூச்சு விடலாம், தும்மக் கூடாது.
– மெழுகுவர்த்தி ஒன்று, மாதாவுக்கு.
– ரெ.யோடு கடைசி ரவுண்டு. அவள் கேட்க, நான் சொல்ல. ஒரு தப்பு இல்லை.

இவர் சொன்னார், போஸ்ட் கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை ஜெசி என்று. பரவாயில்லை என்கிற வார்த்தையை முந்தின நாள் சொல்லக் கூடாதென்று ஆம்பிளைகளுக்கு எந்த மிஸ் சொல்லித் தருவாரோ.

26, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

டாக்ஸி வந்தது. நிஷா மேடம் ஒல்லி, காட்டன் புடவை, முகத்தில் சிரிப்பு இல்லை. மஞ்சுநாத் சாரிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னார். சார் எனக்குச் சொன்னார்: மேடம் இப்ப மேடம் இல்ல, இப்பத்தான் வந்து இறங்கின கெஸ்ட். நீ இன்சார்ஜ். கவனிச்சுக்கோ. சொல்லிவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். செருப்பு மட்டும் தெரிந்தது.

மேடம் சோபாவில். நான் எதிரே, கை கட்டி, சிரித்த முகமாக. அவர் கேட்பார் என்று நான். நான் பேசுவேன் என்று அவர். ஃபேன் சத்தம். அவர் என் காதைப் பார்க்கிறார் (டை). நான் அவர் பெட்டியைப் பார்க்கிறேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல்.

அப்போதுதான் உறைத்தது. வந்தவளிடம் யார் பேரையும் ஊரையும் கேட்பது? இன்சார்ஜ்தானே. கேள்வி என்னுடையது. என் வாய்க்குள் பதில்தான் மூட்டை மூட்டையாக. ஐ லிவ், ஐ கோ, ஐ வாஷ். கேள்வி ஒன்றுகூட என் வாயால் சொன்னதில்லை. அத்தனை கேள்வியும் ரெ.யிடம். ரெ. லிங்கராஜபுரத்தில், கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டு.

மறுபடி இருமல். திரைக்குக் கீழே செருப்பு முன்னும் பின்னும் அசைகிறது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாளி, துடைப்பம், ஸ்வீட் டப்பா எல்லாம் கண் முன்னால்.

என்ன தோன்றியதோ, முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினேன். ரெ. செருகுகிற மாதிரி. ஒரு கையை இடுப்பில் வைத்தேன், தாடையைத் தூக்கினேன். வாய் தானாகத் திறந்தது. என் குரல் இல்லை, சத்தியமாக அவள் குரல்.

"வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?"

பம்பாய் என்றார், கொஞ்சம் மிரண்டு.

"டிட் யூ ஈட்?"

இல்லை என்றார்.

"வொய்?"

அவ்வளவுதான். அந்த வொய்-யில் மேடம் சாய்ந்தார். பிளேனில் கொடுத்தது வாயில் வைக்க முடியவில்லையாம். காலையிலிருந்து தலைவலியாம். வீட்டில் சமையல்காரி ஓடிப்போனாளாம். பாதி புரிந்தது, மீதி முகத்திலேயே இருந்தது. நான் விடவில்லை. ரெ. விடுவாளா? ஹூ இஸ் குக்கிங் நவ்? டஸ் யுவர் ஹஸ்பண்ட் ஹெல்ப் யூ? வொய் நாட்? புருஷனைப் பற்றிக் கேட்டதும் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சோபா மேல் மடக்கிக்கொண்டார்.

ஜோரில் 'ஹவ் ஓல்ட் ஆர் யூ?' என்றும் வந்துவிட்டது. திரைச்சீலை பதறி ஆடியது. மேடம் சிரித்துக்கொண்டே ஒரு வயசு சொன்னார். பொய். கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினேன்.

கடைசியில் தயிர் சாதம், மாவடு, ஒரு மாத்திரை. மேடம் ஏசி ரூமில் தூங்கப் போய்விட்டார். டெஸ்ட்டில் பாஸா ஃபெயிலா யாருக்கும் தெரியாது. மஞ்சுநாத் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏனம்மா, வயசெல்லாமா கேக்கிறது," என்றார். அழுகிற குரல்.

பஸ்ஸில் வரும்போது தும்மிவிட்டேன். தையல் போயிற்று.

28, திங்கள்

பம்பாயிலிருந்து போன். கிடைத்துவிட்டது!! கிடைத்தே விட்டது.

மேடம் சொன்னதாக சார் சொன்னார்: இங்கிலீஷ் சுமார்தான். ஆனால் எத்தனையோ ஊர் கெஸ்ட் ஹவுஸுக்குப் போகிறேன், சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு, ஏன் சாப்பிடலைன்னும் கேட்ட ஆள் இவங்கதான்.

வீட்டுக்கு ஓடிவந்து ரெ.யிடம் சொன்னேன். மறைக்கவில்லை, கேட்டது முழுக்க உன் கேள்விடீ, நான் வெறும் வாய்தான் என்று. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நிஜமாவாக்கா? இடுப்புல கூட செருகினியா?"

செருகிக் காட்டினேன். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தண்ணீர்க் குழாயில் ஒருத்தி எனக்குக் கை கொடுக்கிறாள், ஒருத்தி ரெ.க்குக் கை கொடுக்கிறாள். வேலை யாருக்குக் கிடைத்ததென்று எதிர்வீட்டில் இன்னும் குழப்பமாம். டோரதி மிஸ் எங்கள் ஜோடியைப் பிரிக்கப் போகிறாராம், மணி அடித்தால் மாறாத குற்றத்துக்காக. ரெ. ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குப் பதில் சொல்ல அக்காதான் வேணும் என்கிறாள்.

1 ஜூலை, வியாழன்

வெயில், லேசான காற்று. முதல் நாள்.

ஸ்டான்லி சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கூலிங் கிளாஸைக் கழற்றிக் கை குலுக்கினான். கண் கலங்கியிருந்தது. இனி அவனைப் பற்றி எழுத மாட்டேன். (மச்சினன் நிஜமாகவே இருக்கிறானாம்.)

பாத்ரூமுக்கு ஒக்கலிபுரத்திலிருந்து புதுப் பெண் வந்திருக்கிறாள். நீளப் பிடி பிரஷ் வாங்கித் தர எழுதிப் போட்டாயிற்று. இன்சார்ஜ் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

பதினொரு மணி சுமாருக்கு ஆபீஸ் ரூம் போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் பஸ் ஹாரன், யாரோ கொத்தமல்லி விற்கிற சத்தம். ஒரு ரூபாய் டப்பா போன்.

"வாட் ஆர் யூ டூயிங்?"

ரெ.தான்.

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கட்டிடத்துக்குள் இருந்துகொண்டு இந்தப் பதிலைச் சொன்னதே இல்லை.

"ஐ ஆம் சிட்டிங்," என்றேன்.

அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அப்புறம் காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.