மூலைக்கு ஓடும் அம்புக்குறி

செவ்வாய், இரவு

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு வலது கை நடுங்குகிறது. லினக்ஸ் கணினியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும்போது அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடிவிடும். உடனே திரையில் திறந்திருக்கும் சன்னல்களெல்லாம் சுருங்கிச் சிதறும். “என் கைக்கு இனி இது ஆகாது” என்று காலையில் உத்தமபாளையத்துக்காரர்களின் பத்திரிகையைப் பாதியில் விட்டு மவுஸைத் தள்ளி வைத்துவிட்டார்.

மதியம் அவர் தங்கை ஜமீலா கம்பத்திலிருந்து வந்தாள். மவுஸை வாங்கி, அம்புக்குறியை வேண்டுமென்றே மூலைக்குக் கொண்டுபோனாள். அப்படியே சிதறியது.

“அண்ணே, எனக்கும்தான் ஆகுது. மூலையத் தொட்டா இப்படி ஆகட்டும்னு செஞ்சு வச்சிருக்காக,” என்றவள், செட்டிங்ஸில் அந்த வசதியை அணைத்தாள்.

அணைப்பதை யாரும் செய்யலாம். முதலில் தன் கையால் சிதறடித்துக் காட்டத் தோன்றியதே அவளுக்கு, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: “உத்தமபாளையத்துப் பத்திரிகைய நானே செய்றேன்னு சொல்லிரு.”