இது எங்கேர்ந்து சார் வருது?

மேற்குத் தாம்பரம்
3 ஜூன் 2024

அன்புள்ள கரீம் பாய்க்கு,

நானும் மனைவி ரோஸியும் நலம். என் முழங்கால் மட்டும் எங்கள் கட்சியில் இல்லை.

“இது எங்கேர்ந்து சார் வருது?” என்று இருபத்தாறு வருடங்களுக்கு முன் என்னைக் கேட்டீர்கள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கவிழ்த்த மீன் தொட்டி, உள்ளே ஸ்பிரிட்டில் நனைத்த துணி, அடியில் நீங்கள் எனக்காக ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்த உலர் பனிக்கட்டி. விளக்கை அணைத்து டார்ச் அடித்ததும் மூட்டத்துக்குள் வெள்ளைக் கோடுகள் தோன்றித் தோன்றி மறைந்தன. பள்ளி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்ட வந்தவர், வேலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். “மேலேயிருந்து” என்றேன். “மேலேன்னா எந்த மேலே?” என்றீர்கள். மணி அடித்துவிட்டது.

ஓய்வு பெற்றவனுக்கு இப்போது நேரம் இருக்கிறது. மேலேயிருந்து வருபவற்றுக்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர். பெயர்தான் கதிர், உண்மையில் அணுக்கருக்கள். நூற்றுக்குத் தொண்ணூறு ஹைட்ரஜன். ஒன்பது ஹீலியம். மிச்சம் ஒன்றில் கார்பன் முதல் இரும்பு வரை எல்லாம் அடக்கம். ஒரு மூட்டை அரிசியில் கொஞ்சம் உளுந்து, நாலைந்து கல் கலந்த மாதிரி. பல, வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து வருகின்றன என்று நம்புகிறார்கள். ஆற்றல் மிக அதிகமானவை நம் பால்வெளிக்கும் அப்பாலிருந்து. ஆனால் இந்த இடம்தான் என்று விரல் நீட்ட முடியவில்லை. வழியெல்லாம் காந்தப்புலம். மின்னேற்றம் உள்ளதைக் காந்தம் வளைக்கும். வளைந்து வளைந்து வந்தது எந்தத் திசையில் விழுகிறதோ, அந்தத் திசையில் அதன் வீடு இருக்காது.

உங்கள் காது போனதில் எனக்கு ஒரு லாபம், கடிதம் எழுத ஓர் ஆள் கிடைத்தது. தாம்பரத்துக்கும் படப்பைக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர். தபாலுக்கு மூன்று, நாலு நாள். நட்சத்திரமே பரவாயில்லை. மகள் சோயா எப்படி இருக்கிறாள்?

உங்கள்
சவுரிமுத்து

*

படப்பை
8 ஜூன் 2024

சாருக்கு சலாம். கரீம் எழுதிக்கிறது.

லெட்டர் வந்துச்சு. யாசீன் “இன்னா வாப்பா, லவ் லெட்டரா?”ன்னு கலாய்க்கிறான். பெத்த புள்ளையே இப்டி. காந்தம் வளைக்கும்னு எனக்கு சொல்லவே வேணாம் சார், நாப்பது வருசமா காயில் கட்டிகினு கீறேன். அந்த மீன் தொட்டி இன்னும் நம்ம கடையிலதான் கீது. கம்பி உருண்டை போட்டு வெச்சிருக்கேன்.

ஒரு விஷயம் கேக்கணும். எங்க ஷம்சாத் அக்கா கூடுவாஞ்சேரில ஆஸ்பத்திரில கீறாங்களாம். கிட்னி ரெண்டும் போச்சாம். “தம்பி வந்தானா, தம்பி வந்தானா”ன்னு கேட்டுகினே கீறாங்களாம். யாசீன் போய் பாருன்றான். பதினாலு வருசமா பேசாத வாயி.

உங்களுக்கு தெரியாதது இல்ல. சோயாவுக்கு பத்தாவதுல ஒரே ஒரு தபா வலிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் வரல. எங்க வூட்ட தாண்டி அது தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒண்ணு நீங்க, ஸ்கூல் விட்டப்புறம் உங்க லேப்லதானே விழுந்தா. இன்னொண்ணு அக்கா. மாப்ள வூட்டுக்கு விஷயம் போச்சு, கல்யாணம் நின்னுச்சு, அப்புறம் வந்த இடத்துல எல்லாம் அதே பேச்சு. நீங்க சொல்ல மாட்டீங்க. அப்போ அக்காதான். இதுல இன்னா கணக்கு கீது?

சோயாவுக்கு முப்பத்தாறு ஆயிடுச்சு சார். மஸ்கட்ல லேப்ல வேலை. கல்யாணப் பேச்ச எடுத்தா யாசீன் பேசும்போதே போனை வெச்சிட்றா.

அக்காவ பாக்கப் போகவா, வேணாமா? நீங்க சொன்னா கேப்பேன்.

கரீம்

*

மேற்குத் தாம்பரம்
12 ஜூன் 2024

அன்புள்ள கரீம் பாய்க்கு,

போய்ப் பாருங்கள். அதுதான் என் பதில்.

உங்கள் பழைய கேள்விக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். மேலிருந்து வருவது அப்படியே நம் தலைமேல் இறங்குவதில்லை. காற்றின் உச்சியில் ஓர் அணுமீது மோதும். உடையும். உடைந்தவை மறுபடி மோதும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, தரைக்கு வருவதற்குள் கோடிக்கணக்கில் ஒரு மழை. அதில் ஒரு துளிகூட முதலில் புறப்பட்டது அல்ல. விழுந்ததை எண்ணித்தான் வந்தது லேசானதா கனமானதா, ஹைட்ரஜனா இரும்பா என்று ஊகிக்கிறார்கள். அதிலும் அவர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

பேச்சும் அப்படித்தான் பாய். யாரோ எங்கோ நல்லதாகவே ஒன்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தச் சொல்லே அல்லாமல் இருக்கலாம். அக்காதான் என்று எப்படி அறுதியிட்டுச் சொல்வீர்கள்? உடம்பு முடியாதவர் காத்திருக்கிறார். தயவுசெய்து போங்கள்.

சவுரிமுத்து

*

படப்பை
18 ஜூன் 2024

சாருக்கு,

பக்ரீத் நல்லபடியா முடிஞ்சுது. கறி அனுப்ப நெனச்சேன், உங்க தபால்ல போட்டா நாறி வந்து சேரும்னு விட்டுட்டேன்.

உதாரணம் ஜோரா கீது சார். ஆனா “யாரோ எங்கோ”ன்னா இன்னா? இத்தினி வருசத்துல நீங்க எங்கிட்ட “யாரோ”ன்னு பேசினதே இல்ல.

அந்த வருசம் அக்கா என் கடை வாசல்ல நின்னுகினு “அல்லா மேல ஆணையா நான் சொல்லலடா”ன்னு அழுதுச்சு. “பொய் சொல்லாத, போ”ன்னு மூஞ்சிக்கு நேரா ஷட்டர இழுத்தேன். அக்கா இல்லன்னா, நான் அன்னிக்கு பண்ணது இன்னா?

பேரு தெரிஞ்சா சொல்லுங்க. அடுத்த பஸ்ஸ புடிச்சி போறேன். தெரியலன்னா விடுங்க. உதாரணம் மட்டும் வேணாம்.

கரீம்

*

மேற்குத் தாம்பரம்
21 ஜூன் 2024

கரீம் பாய்,

நான்தான்.

2010 பிப்ரவரியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் பள்ளிக்கு வந்தார்கள். பெண் படித்த இடத்தில் வாத்தியாரை விசாரிப்பது வழக்கம்தானே. “பொண்ணு எப்படி சார்?” என்றார்கள். தங்கம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. “பத்தாவது படிக்கும்போது என் லேப்லயே வலிப்பு வந்து விழுந்தா. மறுநாள் காலைல வந்து பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கினா. அப்படி ஒரு உறுதி அந்தப் பொண்ணுக்கு” என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். டீ குடித்தார்கள். சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சொல்லில் என்னென்ன கலந்திருந்தது என்று பதினாலு வருடமாகப் பிரித்துப் பார்க்கிறேன். பெரும்பகுதி சோயாவைப் பற்றிய பெருமை. கொஞ்சம், நல்ல வாத்தியார் என்று என்னைக் காட்டிக்கொள்ளும் ஆசை. கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. இல்லாததால் யாருக்கு என்ன?

கல்யாணம் நின்றதும் சொல்லத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்காவே இப்டி பண்ணிட்டா சார், இனிமே எனக்கு நீங்கதான்” என்று அழுதீர்கள். அந்தக் கையை விட மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

வந்த வழி தெரியாது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஆற்றல் மிக மிக அதிகமான சில கதிர்கள் அதிகம் வளையாமல் வரும், வந்த திசையே ஓரளவு பிறந்த இடத்தைக் காட்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன். தெரியாமல் விடவில்லை.

அக்கா சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உடனே போங்கள். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சவுரிமுத்து

*

படப்பை
24 ஜூன் 2024

சாருக்கு,

அக்கா மவுத் ஆயிட்டாங்க. நேத்து ஞாயித்துக்கிழமை விடிகாலைல.

யாசீன் வண்டில நானும் ஏறினேன். வண்டலூர் வரைக்கும் போனேன். பொய் சொன்ன முகத்த எப்படி பாக்கறதுன்னு அங்கயே எறங்கிட்டேன். ஜூ பஸ் ஸ்டாப்ல உக்காந்துகினு இருந்தேன். புள்ளைங்கள கூட்டிகினு ஜனங்க சிரிச்சிகினு போவுது. மதியானம் எல்லாம் முடிஞ்சி யாசீன் வந்து கூட்டிகினு வந்தான். நான் ஒரு புடி மண்ணு போடல சார்.

உங்க பதில் இன்னும் வரல. தெரியாதுன்னுதான் எழுதியிருப்பீங்க. பரவால்ல. நான் பண்ணது சரிதான்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. அது போதும்.

கரீம்

*

மேற்குத் தாம்பரம்
4 ஆகஸ்ட் 2024

கரீம் பாய்,

அக்கா போய் இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமைதான் என் கடிதம் வந்தது என்று யாசீன் சொன்னான். “வாப்பா ரெண்டு தபா படிச்சாரு சார். மூணாவது தபா என்னைப் படிக்கச் சொல்லி என் வாயையே பாத்துகினு இருந்தாரு.”

அதை எழுதிய வெள்ளிக்கிழமையே நான் யாசீனுக்குப் போன் செய்திருக்கலாம். அவன் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு நாள் இருந்தது. செய்யாமல் தபாலில் போட்டேன். மெதுவாகப் போகும் என்று தெரிந்தே போட்டேன். அதுவும் நான்தான்.

மீன் தொட்டி வந்து சேர்ந்தது. கம்பி உருண்டைகளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தாளாகப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தேன், நீங்கள் எழுதியது ஒரு வரியும் இல்லை. “என்ன தேடுறீங்க?” என்றாள் ரோஸி. அவளிடமும் அன்றுதான் சொன்னேன். அன்றுமுதல் அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியாது பாய். நீங்கள் செய்தது சரியில்லை. செய்ய வைத்தவன் நான். சோயாவுக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பதில் இல்லை.

இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். உங்கள் கேள்வியில் மிச்சம் இருப்பதை மட்டும் முடித்துவிடுகிறேன். அந்த மழை முழுவதும் காற்றிலேயே அடங்கிவிடுவதில்லை. மியூவான் என்று ஒன்று தரை வரை வரும். கூரை, சதை, எலும்பு எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். வலிக்காது, தெரியாது. நம் ஒவ்வொருவரின் உள்ளங்கை வழியாகவும் நொடிக்கு ஒன்றாவது போய்க்கொண்டே இருக்கிறது. பார்க்கத்தான் தொட்டி வேண்டும். வாங்கிக்கொள்ள எதுவும் வேண்டாம்.

அக்காவுக்காகத் துவா செய்து முடித்ததும், ஏந்திய கையை உடனே இறக்காமல், ஒரு நிமிஷம் அப்படியே வைத்து அறுபது வரை எண்ணிப் பாருங்கள்.

சவுரிமுத்து