பிரிக்கக் கூடாத பெட்டி

என்னங்க, காலை 5.40. பஸ் வந்துவிடும்.

மேஜை மேலிருக்கும் மதர்போர்டுப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். உங்கள் பழைய ப்ராசஸர் அதில் உட்காரும். ஆனால் அதன் வேகத்தைக் கூட்ட அந்த போர்டு விடாது. நேற்று ஷிஃப்ட் இடைவேளையில் போர்டு கம்பெனி வெளியிட்ட பட்டியலை வரி விடாமல் படித்தேன். வேகம் கூட்ட விடும் மாடலின் பெயரைப் பெட்டி மேல் எழுதியிருக்கிறேன்.

பத்து மணிக்குக் கூரியர்காரர் வருவார், கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். சீல் உடைந்தால் வாங்க மாட்டார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் எடிட் செய்யும் வீடியோவை முடிக்க முடியாது, இந்த வேலையும் கைவிட்டுப் போகும்.

சோறு குக்கரில் இருக்கிறது. இன்னொரு சாவி மாடி வீட்டு அக்காவிடம்.

பி.கு.: புது போர்டில் ப்ராசஸரை ஒட்டி, சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். சூடு அங்கேதான் ஏறுமாம்.

முந்தாநாள் நீங்கள் கேட்டபோது பதில் சொல்லத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன்.

“இதைப் பத்தியெல்லாம் உனக்கென்ன தெரியும்?”