ருஷ்யன் அதற்கு முன் என்ன தின்றான்

14-10-1997, செவ்வாய்

மேகம் கூடிக் கலைந்தது. கரிசல் வெடிப்பு மூடவில்லை. வாங்க வேண்டியது: சீனி, பசை, கண் சொட்டு மருந்து.

ருஷ்ய மொழி கடன் வாங்கிய சொற்களில் இன்று ‘சராய்’. பாரசீகத்தில் அரண்மனை. துருக்கியர் வழியாக ருஷ்யனிடம் வந்ததும் விறகுக் கொட்டகை. எட்டயபுரம் அரண்மனை இன்று கிடக்கும் கிடப்பைப் பார்த்தவனுக்கு இதில் வியப்பில்லை. கல்லூரிக்காரர் இது பற்றிய என் கட்டுரையைத் திருப்பித் தந்து, “இங்கன யாருக்கு வேணும் இது?” என்றார். எனக்கு வேண்டும்.

‘ஹ்லேப்’ மட்டும் பாக்கி. ரொட்டி. பழைய ஜெர்மானியரிடம் ருஷ்யன் கடன் வாங்கிய சொல். போன வருஷம் அதைச் சத்தமாகப் படித்தேன். நானும் மனைவி பொன்னுத்தாயும் பேசாத காலம். அடுப்படிச் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: “சோத்துக்கே பேரு கடன் வாங்குனவனா? அப்ப அதுக்கு முன்னால என்னத்தத் தின்னான்?”

பதில் தெரியவில்லை. அப்புறம் அவளும் இல்லை.

15, புதன்

புழுக்கம். உள் அறையில் தீக்குச்சி அடைக்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். ஆளில்லை. இந்த வாரம் மூன்றாம் தடவை.

அவள் இருக்கையில், சொல்லுக்கு ஒன்றாகக் காலித் தீப்பெட்டியில் எழுதி அடுக்கியிருந்தேன். பொன்னுத்தாய் கூலிக்குக் குச்சி அடைப்பவள்; அவற்றையும் அடைத்துத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கொடுத்துவிட்டாள். ‘ச’ வரிசை முழுவதும் போயிற்று. “வெறும் பெட்டின்னு நெனச்சேன்” என்றாள். அன்று முடிவு: இவளிடம் இனி நேரே பேசுவதில்லை. கடைசிவரை மீறவில்லை.

16, வியாழன்

மணியாச்சியிலிருந்து மகனும் மருமகளும். நாளை பொன்னுத்தாய்க்கு வருஷ திதி. படையல் போட்டதும் வீட்டுப் பெரியவர் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

“நீ கூப்பிடு” என்றேன் மகனிடம்.

“உசிரோட இருக்கையில சொவத்தப் பாத்துப் பேசுனிய. நாளைக்கும் சொவத்தத்தான் சாப்பிடக் கூப்பிடுவியளாப்பா?”

மருமகள் சிரிப்பை விழுங்கினாள். “மாமா, நீங்க கூப்பிடாம அத்த உக்கார மாட்டாவ.”

முடியாது என்றேன்.

மாலை, அவள் கேட்டதற்குப் பதில் பழைய ருஷ்யப் புத்தகத்தில் அகப்பட்டது. புளிக்கவைத்த மாவு ரொட்டி, ‘ஹ்லேப்’ என்ற பெயரோடு சேர்ந்தே ருஷ்யனிடம் வந்ததாம். அதற்கு முன் புளிக்காத மாவில் தட்டிய அடை. கச்சிதம். யாரிடம் சொல்ல?

17, வெள்ளி

தூறல். இலையில் சோறு, புளிக்குழம்பு, காராச்சேவு. மகன் “அப்பா” என்றான். சுவர்ப் பக்கம் திரும்பினேன். உள்ளே மறுபடி அந்தச் சத்தம். அவர்கள் காதில் விழவில்லை போலும்.

அவள் படத்துக்கு நேரே நின்றேன்.

“பொன்னுத்தாயி, புளிக்காத அடை தின்னான்.”

“என்னது மாமா?” என்றாள் மருமகள். கையமர்த்தினேன். பொன்னுத்தாய் பதிலுக்கு ஏதாவது கேட்காமல் விடமாட்டாள்.

சத்தம் நின்றது. குழம்பு ஆறி ஆடை கட்டிற்று. அவள் எதுவும் கேட்கவில்லை.