பாக்கெட் மேல் ஓர் இடம்

அன்புள்ள கோசி,

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் உன் ஊர் ஓவெரிக்கு வரும் பஸ் டிரைவரிடம் இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பது என் வெள்ளைச் சட்டை.

செவ்வாய்க்கிழமை எங்கள் எல்லோருக்கும் ஆய்வேட்டு நேர்முகம் முடிந்தது. வெளியே வந்ததும் கடைசி வருட வழக்கப்படி ஒருவர் சட்டையில் ஒருவர் கையெழுத்துப் போட்டோம். முதுகில் இம்மிகூட இடமில்லை. பாக்கெட்டை மட்டும் நான் பொத்திக்கொண்டேன்.

"யாருக்குடி அந்த இடம்? வரப்போற மாப்பிள்ளைக்கா?" என்று நம் வகுப்பு அடாக்கு கத்தினாள்.

"கோசிக்கு," என்றேன். உடனே கையிலிருந்த மார்க்கரை மூடி என்னிடம் கொடுத்தாள்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. "போதும்மா, பைண்டிங்குக்குக் குடு" என்று உன் வழிகாட்டி இலோகா சார் சொன்ன பிறகும் ஆய்வேட்டின் அந்த ஒரே வரைபடத்தை ஏன் அழித்து அழித்துப் போட்டாய், நேர்முகத்தன்று காலையில் ஏன் ஊருக்கு பஸ் ஏறினாய், எதுவும் வேண்டாம். "ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லன்னா எந்த எண்ணெய்க் கம்பெனிடி கூப்பிடும்?" என்று தூக்கத்தில்கூடப் புலம்பினாயே, அதை நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

விட்டுப்போனவர்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி நேர்முகம் நடக்கிறதாம்.

உன் கட்டில் காலியாக இருக்கிறது. ராத்திரி சாப்பிடக் கடலை போட்டு மரவள்ளிக் குருணை ஊறவைக்கும்போது இன்னும் இரண்டு பேருக்கே ஊறவைக்கிறேன்.

பொட்டலத்தில் மார்க்கரும் இருக்கிறது. அழிக்க முடியாத மை. கையெழுத்து கோணலாக விழுந்தால் கோணலாகவே இருக்கட்டும், நான் அப்படியே அணிந்துகொள்வேன். ஆனால் சட்டையை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன் மேல்கட்டில்காரி