அசலில் கழியாத போனஸ்

அக்கா,

உன் பூஜை போனஸ் முழுவதையும் பர்சனல் லோனில் கூடுதலாகக் கட்டிவிட்டு, வட்டி குறைந்துவிட்டதென்று சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்த புத்திசாலி நான்தான். ஒரு பைசா குறையவில்லை. அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காததால், அடுத்த தவணைகளுக்கு முன்பணமாக வைத்துக்கொண்டார்களாம். வட்டி பழைய அசலுக்கே ஓடுகிறது. "பி.காம் படிச்ச மூஞ்சியைப் பாரு" என்றாய். நானும் அதைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வங்கிக்கான கடிதம் மேசையில் இருக்கிறது. எனக்காக வாங்கினாலும் கடன் உன் பெயரில்தான். நீதான் கையெழுத்துப் போட வேண்டும். ரசம் வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதே. என் சாவி கீழ்வீட்டு வங்காளி மாஷிமாவிடம் இருக்கிறது.

மருது

பி.கு: தவணையைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா என்று கேட்கிறார்கள். நான் இங்கே இருக்கவா, டாக்குரியாவில் உள்ள மெஸ் விடுதிக்குப் போகவா? அதையும் சொல்லிவிடு.

டேய் மருது,
கையெழுத்துப் போட்டாச்சு. தவணை அப்படியே இருக்கட்டும், மாசத்தைக் குறைக்கச் சொல்லு. அதுலதான் வட்டி அதிகம் மிச்சமாகும். நீ எங்கயும் போக வேண்டாம். இப்போதைக்கு உன்கூடப் பேசவும் மாட்டேன்.
அக்கா