ஒரு டம்ளர் ஆண்பூ

திருத்தங்கல்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா பாலகுரு எழுதுவது.

ஓசூர் குளிரில் காதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மாவும் நானும் சுகம். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. பயப்படாதே, நல்ல விஷயம்தான். பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கட்டிங் மிஷினில் வேலை பார்க்கிறவனுக்குக் காகிதத்துக்கா பஞ்சம்?

தீபாவளிக்கு வந்தபோது, உங்கள் கம்பெனி பாலிஹவுஸில் போடுகிற ஹைபிரிட் வெள்ளரி என்று ஒரு பாக்கெட் விதை கொடுத்துவிட்டுப் போனாயே, அது இப்போது பின்வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கார்த்திகை மழை விட்டதும் ஆலங்குளம் சிமெண்ட் சாக்குகளில் மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் நிரப்பி நான்தான் ஊன்றினேன். உன் அம்மா வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது அவள் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். ஆடி மாதம் வெடி ஆபீசில் பட்டாசு மருந்து பற்றிக் கை வெந்ததிலிருந்து, யார் வீட்டுக்கு வந்தாலும் வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிப் போய்விட்டன. பயிற்சி செய்யாமல் விட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். நான் என்ன பச்சப்பிள்ளையா பந்து வச்சு விளையாட என்று அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் அழுதும் பார்த்தேன். அசையவில்லை.

அவளை எழுப்பியது அந்தக் கொடிதான். தை பிறந்ததும் கணுவுக்குக் கணு பூ வைத்தது. எல்லாப் பூவும் அடியில் பிஞ்சோடு வந்தவை. துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள். இதுல ஒண்ணுகூட ஆண்பூ இல்லையே, எப்படிக் காய் பிடிக்கும் என்று என்னைக் கேட்டாள். தானாகப் பிடிக்கும் என்று சும்மா சொல்லிவைத்தேன். அதற்கு அவள் சொன்னதைக் கேள்: திரி சொருகாத வெடி எங்கனயாச்சும் வெடிக்குமா, பூவும் அம்புட்டுத்தான் என்றாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே திரி சொருகியவளிடம் நான் என்ன வாதாட முடியும்?

உடனே எனக்கு உத்தரவு. தெருக்கோடியில் சங்கரலிங்கம் அண்ணாச்சி வேலியில் நாட்டு வெள்ளரி படர்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு டம்ளர் ஆண்பூ பறித்துவரச் சொன்னாள். பறித்து வந்தேன். காகிதத்தைத் திரி மாதிரி உருட்டி, அதன் நுனியால் ஆண்பூவின் பொடியைத் தொட்டு, பெண்பூவில் வைக்க வேண்டும். திரி உருட்டுவதில் இவளை அடிக்க அந்த ஆபீசில் ஆள் கிடையாது என்று பெயர் எடுத்தவள். அன்றைக்கு அந்தக் காகிதம் அவள் விரலில் நிற்கவே மாட்டேன் என்றது. டம்ளரைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். போச்சு, இனி பின்வாசல் பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் நான் பல் விளக்கி முடிப்பதற்குள், பூ எங்கே என்று கேட்கிறாள்!

அவள் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும் தாயி. பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்துப் போய், ஒரு பூவோடு மல்லுக்கட்டுவாள். வலிக்கிறதா என்று கேட்டால் முறைப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரி நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொட்டன. இத்தனை வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியும் இவள் நெஞ்சுரம் எனக்கு முழுசாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. போன வாரம் பெட்டியிலிருந்து ஒரு தீக்குச்சியை அவளே எடுத்து, அவளே உரசி, விளக்கேற்றினாள். ஆடிக்கு அப்புறம் தீப்பெட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

இனிமேல்தான் விஷயம். பூ தொட ஆரம்பித்த சில நாளில் உன் விதைப் பாக்கெட்டைத் தூக்கிப் போடப் போனேன். உள்ளே ஒரு தாள் இருந்தது. இந்த ரகத்தில் பெண்பூ மட்டுமே வரும், ஆண்பூ இல்லாமலே காய் பிடிக்கும், வேறு மகரந்தம் பட்டால் காய் கோணிப்போகும் என்று அச்சடித்திருக்கிறது. நான் சும்மா சொன்னது நிஜமாகவே இருக்கிறது! சொல்லிவிடலாம் என்று தாளோடு பின்வாசலுக்குப் போனேன். அவள் ஒரு பூவைத் தொட்டு முடித்துவிட்டு, பச்சைக்குழந்தை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாளை மடித்து என் டிபன் பையின் அடியில் வைத்துவிட்டேன்.

அவள் தொட்ட காயெல்லாம் ஒரு பக்கம் தொந்தி, ஒரு பக்கம் வளைசல். உயரத்தில் எட்டாமல் அவள் விட்ட பூக்கள் மட்டும் நீளமாக, நேராகக் காய்க்கின்றன. அவள் எழுந்திருக்கும் முன்னால் நேரான காய்களைப் பறித்து மதில் வழியாகப் பக்கத்து வீட்டுக் கற்பகவல்லியிடம் கொடுத்துவிடுகிறேன். வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கோணல் காய்களை எங்கள் வீட்டில் தின்கிறோம். ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு நீ வரப்போகிறாய். ஓட்டை வாய் உனக்கு. கொடியைப் பார்த்ததும், என்னம்மா இது, இதற்குப் போய் யாராவது பூத் தொடுவார்களா என்று சிரித்துவிடுவாய். அந்தக் கை மறுபடி முந்தானைக்குள் போய்விட்டால் அதை வெளியே கொண்டுவர என்னிடம் வேறு வழி இல்லை. தொட்டால்தான் காய்க்கும் என்று ஒரே ஒரு பொய் சொல். அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. பத்திரகாளியம்மன் உனக்குத் துணை இருப்பாள்.

உன் வருகையை எதிர்பார்க்கும்
அப்பா பாலகுரு


திருத்தங்கல்,
திங்கட்கிழமை.

தங்கம் இசைவாணிக்கு அம்மா எழுதுவது.

கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், சிரிக்காதே. யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. உன் அப்பா வேலைக்குப் போனபிறகு எழுதி, கற்பகவல்லியிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ கொடுத்த வெள்ளரிக்கு ஆண்பூ வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். முதலில் தெரியாது, முட்டாள் மாதிரி நம்பித்தான் ஆரம்பித்தேன். பிறகு ஒரு நாள் கற்பகவல்லி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, மதினி, அண்ணே குடுக்கிற காயெல்லாம் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு, நீங்க மட்டும் ஏன் கோணக்காயா திங்கிறீக என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளிடம் போய் ரகசியம் சொல்லியிருக்கிறார் பார். அந்த வாரமே டிபன் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் உன் விதைத் தாள். படித்துவிட்டு, பையைப் பிழிந்து காயப்போட்டு, தாளை அதே மடிப்பில் உள்ளே வைத்துவிட்டேன். ஆமாம் தாயி, பையை நானே பிழிந்தேன்.

ஏன் இன்னும் பூத் தொடுகிறேன் என்று கேட்பாய். விரலுக்கும் நல்லதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ இல்லாத நாளில் உன் அப்பா இருந்த இருப்பை நீ பார்க்கவில்லை. போனில் உன்னிடம் நன்றாகத்தான் பேசினார். எனக்கு ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்துபோவார். டீக்கடைக்குப் போவதை விட்டார், சேக்காளிகளோடு பேசுவதை விட்டார். என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் கையை முந்தானைக்குள் வைத்தது ஊர்க்காரர்களுக்குப் பயந்து இல்லை, அவர் பார்வை தாங்காமல்தான்.

இப்போது விடிந்ததும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். சங்கரலிங்கம் அண்ணாச்சியோடு ஊர்க்கதை பேசி, டீ குடித்துவிட்டு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வருகிறார். வந்ததும் ரெண்டு தட்டு இட்லி சாப்பிடுகிறார். பூ நல்லா இருக்கா, போதுமா என்று கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தங்கமான மனுஷன். நடிக்க மட்டும் வரவில்லை. அந்தப் பூ காய்க்கு வேண்டாம் தாயி, உன் அப்பாவுக்கு வேண்டும்.

நீ வந்து எதையாவது உளறிவைக்காதே. அவர் எதிரில் நான் உன்னிடம் கேட்பேன். தொட்டால்தான் காய்க்கும் என்று சொல். உனக்குப் பிடித்த சீரணி மிட்டாய் வாங்கிவைக்கிறேன்.

கோணக்காயில் விதை இருக்கிறது. ஆனால் அதை எடுத்துப் போட்டால் இதே மாதிரி வராது என்று தாளில் போட்டிருக்கிறான். அதனால் வரும்போது இன்னொரு பாக்கெட் வாங்கி வா. உள்ளே இருக்கிற தாளோடு வாங்கி வா. பழைய தாள் மடிப்பு கிழிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு ஒளித்துவைக்க வேண்டுமே.

நூறாயுசாக இரு என் தங்கம்.

உன் அம்மா
அய்யம்மாள்